நான் உடும்பு என்று சொன்னது

முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தியவன், அமெரிக்கா போய் இறங்கியதும் செய்த முதல் காரியம், முதலையை லாரி டயர் என்று நினைத்ததுதான்.

புளோரிடாவில் மகன் பிரவீன் வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது. மழைத்தண்ணீர் வடிவதற்காக அங்கே தெருவுக்குத் தெரு குளம் வெட்டி வைத்திருக்கிறார்கள். போய்ச் சேர்ந்த மறுநாள் விடிந்ததும், காபியோடு கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு நின்றேன். எதிர்க்கரைப் புல்லில் யாரோ பழைய டயரை அறுத்துப் போட்டிருந்தார்கள். அப்பாடா, இங்கேயும் நம்ம கீழ்க்கட்டளை ஏரிக்கரை மாதிரிதானா என்று எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். மனைவி ரூத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள்.

"டயருக்குக் கால் இருக்குங்க" என்றாள்.

இருந்தது. நாலு குட்டைக் கால்கள். ஓர் ஆள் படுத்தால் வரும் நீளத்தைவிடக் கூடுதலான உடம்பு. கரிய முதுகில் வரிசை வரிசையாக மேடுகள். அதைத்தான் டயரின் பட்டை என்று நினைத்திருக்கிறேன். விலாவின் அடியில் வெளுத்த மஞ்சள். தலை அகலம், முகவாய் முனையில் வட்டம். வாயை அரை முழம் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தது. அது கோபமில்லை, உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொள்வது என்பது எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்புக்கு நான் நடத்திய பாடம்.

"நம்ம தேவகி இதைத்தானே சொன்னா? கொட்டாவி விட்டுக்கிட்டே கிடந்துச்சுன்னு?" என்று ரூத் கேட்டாள்.

காபி ஆறிவிட்டது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

தேவகி யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு தாம்பரத்துக்குத் தெற்கே, பெருங்களத்தூரைத் தாண்டி, ஓர் ஏரிக்குப் பின்புறம் போட்ட மனைப்பிரிவில் இருக்கிறது. அந்த மனைகள் எல்லாம் தேவகியின் புகுந்த வீட்டார் நெல் வைத்த நிலம். வயல் போன பிறகு அவளுக்கு மிஞ்சியது ஏரி. காலையில் ஏரியோரத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பொன்னாங்கண்ணி பறித்து, வாழைநாரில் கட்டி, கூடையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக வருவாள். "பொன்னாங்கண்ணி, கண்ணுக்கு நல்லது" என்பது அவள் கூவல். சர்க்கரை வந்து பார்வை மங்கத் தொடங்கிய நாளிலிருந்து நான் அவளுடைய நிரந்தர வாடிக்கை.

பொங்கல் முடிந்த வாரம், கூடையில்லாமல் எங்கள் கேட்டுக்கு வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"சார், ஏரில மொதல கீது சார்."

நான் பேப்பரை மடித்தேன். ஒரு ஆள் தப்பாக எதையாவது சொன்னால் எனக்கு உடம்பில் ஒரு சுறுசுறுப்பு வந்துவிடும். ஓய்வு பெற்றும் போகாத வியாதி. போஸ்டரில் ஒற்றுப்பிழை இருந்தால்கூட நின்று பார்ப்பேன். "உங்களுக்கு உலகமே விடைத்தாள்" என்பாள் ரூத்.

"மூக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"அகலமா, தட்டையா, மம்பட்டி மாறி இருந்துச்சு சார்."

அவ்வளவுதான், எனக்குப் போதும். முதலைக்கு மூக்கு ஆங்கில 'வி' எழுத்துபோல் கூர்ந்திருக்கும். அலிகேட்டருக்கு 'யு' எழுத்துபோல் வளைந்திருக்கும். தமிழில் இரண்டுக்கும் முதலை என்று ஒரே பேர் சொல்லிக்கொள்கிறோம் என்பதால் பிள்ளைகள் குழம்பக் கூடாதென்று, கரும்பலகையில் பெரிதாக 'வி', 'யு' என்று எழுதிப் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தவன் நான். தேவகி சொல்வது 'யு'. 'யு' என்றால் அலிகேட்டர். அலிகேட்டர் இந்தியாவில் கிடையாது. ஆகவே அவள் பார்த்தது முதலை இல்லை. கணக்கு சுத்தமாக வந்துவிட்டது.

"அது உடும்பும்மா. நல்லா வளர்ந்த உடும்பு" என்றேன்.

"உடும்பு நான் பாக்காததா சார்? உடும்புன்னா நாக்க நீட்டிகினே இருக்கும். இது நீட்டவே இல்ல. தண்ணிக்குள்ள போச்சு சார், அப்பிடியே பின்னாலயே முங்கிடுச்சு, ஒரு அலைகூட வரல. அப்பால பாத்தா ரெண்டு கண்ணு, மூக்கு நுனி, வேற ஒன்னியும் தெரியல."

"பயத்துல பார்த்தா எல்லாம் பெரிசாத்தான் தெரியும்."

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "நீங்க படிச்சவரு சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதோடு விட்டேனா? மனைப்பிரிவு வாட்ஸ்அப் குழுவில் ஏரியில் முதலையாமே என்று யாரோ கேட்க, உடும்பின் படம் ஒன்றைத் தேடிப் பிடித்து, பாகங்களுக்கு அம்புக்குறி போட்டு, "காணப்பட்டது உடும்பு. முதலை அன்று. வதந்தி பரப்ப வேண்டாம்" என்று எழுதிப் போட்டேன். கைகூப்பும் பொம்மைகள் வந்து குவிந்தன. இரண்டு வாரம் தேவகி ஏரியில் இறங்காமல் இருந்தாள். தெருவில் அவளுக்கு மொதலக்கா என்று பேர் வைத்துவிட்டார்கள். பிறகு கூடையோடு வரத் தொடங்கினாள். நானும் கீரை வாங்கினேன், சாப்பிட்டேன், ஏப்ரலில் விமானம் ஏறினேன்.

இரண்டாம் நாள் கடைத்தெருவுக்குப் போனோம். பிரவீன் முன்பு நாவலூரில் வேலை பார்த்தபோது ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போவான். இங்கே பால் வாங்கக்கூடக் கார் எடுக்கிறான். வழியில் எல்லாக் குளத்தங்கரையிலும் பலகை: முதலைகள் உண்டு, தீனி போடாதீர்கள், நாயைக் கரையோரம் அழைத்துவராதீர்கள். முதலையைக் கண்ணால் பார்க்காதவன்கூட இருக்கும் என்று நம்பி நடக்கிற ஊர். மத்தியானம் ஒரு கடையில் முதலைக்கறி வறுவல் கொடுத்தார்கள். கோழியும் வஞ்சிரமும் கலந்த மாதிரி ஒரு ருசி, மாவு அதிகம், காரம் சுத்தமாக இல்லை. ரூத் ஜெபம் பண்ணிவிட்டு ஒரு துண்டு தின்றாள். கைப்பையிலிருந்து ஊறுகாய்ப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்த பிறகு இன்னொன்று தின்றாள்.

நாலாம் நாள் எவர்கிளேட்ஸ் என்ற பெரிய சதுப்பு நிலத்துக்குப் போனோம். புல்வெளி என்று நினைத்துக் காலை வைத்தால் தண்ணீர். கண்ணுக்கெட்டிய மட்டும் கோரை, நடுவே மேடான இடங்களில் மரக்கூட்டம். மழைக்காலத்துப் பள்ளிக்கரணைச் சதுப்பை எடுத்து, குப்பை மேட்டையும் கட்டடங்களையும் கழித்துவிட்டு, பத்து மடங்கு விரித்துப் போட்டால் எப்படியோ அப்படி. நடைபாதை ஓரமாகவே முதலைகள் படுத்திருந்தன. எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். முன்னால் போன ஒரு வயதான தம்பதி நின்று பார்த்தார்கள்.

"இது பொம்மை. சுற்றுலாக்காரர்களுக்காக வைத்திருக்கிறார்கள்" என்றார் அவர்.

"கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் இப்படித்தான்" என்றார் அந்த அம்மாள்.

அவர் குனிந்து தொப்பியை ஆட்டினார். பொம்மை உஸ்ஸென்று பிரஷர் குக்கர்போல் மூச்சு விட்டது. மனிதர் எங்கள் பக்கமாக ஓடி வந்து ரூத்தின் பின்னால் நின்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை.

அது அங்கே மழையில்லாக் காலத்தின் கடைசி, தண்ணீர் வற்றும் பருவம். முதலைகள் வாயாலும் காலாலும் சேற்றைத் தோண்டிப் பள்ளமாக்கி வைத்திருக்கின்றன. சுற்றிலும் எல்லாம் காய்ந்துபோன நாளில் அந்தப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும். மீன், ஆமை, கொக்கு எல்லாம் அதை நம்பித்தான் மழை வரும்வரை உயிர் பிழைக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டை முதலை தின்றுகொள்ளும், வாடகை மாதிரி. ஒரு பள்ளத்தின் ஓரத்தில் தாயைச் சுற்றி ஒரு முழக் குட்டிகள், கறுப்பில் மஞ்சள் பட்டை போட்டவை, க்யாங் க்யாங் என்று கோழிக்குஞ்சு கெட்டது போங்கள், அப்படிக் கத்திக்கொண்டிருந்தன. அது குட்டிகளை வாயில் கவ்வி, பல் படாமல் தண்ணீருக்குக் கொண்டுபோகுமாம். புல்லும் சருகும் குவித்து முட்டையிட்டு, அது மக்கும் சூட்டிலேயே பொரிக்க வைத்து, அத்தனை நாளும் பக்கத்திலேயே காவல் கிடக்குமாம். இதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததுதான். ஒன்றையும் பார்த்ததில்லை. தேவகி படிக்கவில்லை, பார்த்திருக்கிறாள். அந்த வித்தியாசம் அன்றைக்குத்தான் எனக்கு உறைக்கத் தொடங்கியது.

அடுத்த திங்கட்கிழமை காற்றாடிப் படகில் போனோம். தட்டையான படகு, பின்னால் ஆளுயர மின்விசிறி, காதை அடைக்கும் சத்தம். ஓட்டியவர் ஐம்பது வயதுப் பெண்மணி, வெயிலில் காய்ந்த முகம். கோரைக்கு நடுவே ஒரு திறந்த தண்ணீரில் விசிறி இருமியது, திணறியது, நின்றுவிட்டது. அவர் அலட்டிக்கொள்ளாமல் கருவிப்பெட்டியைத் திறந்தார். நம் ஊரில் மாநகரப் பேருந்து இரும்புலியூர்ப் பாலத்தில் நின்றுபோனால் ஓட்டுநர் முகத்தில் தெரியும் அதே சாந்தம்.

சத்தம் அடங்கிய பிறகுதான் சுற்றிலும் பார்த்தோம். தண்ணீர் வெறுமையாக இருந்தது. மெல்ல ஓர் இடத்தில் இரண்டு புடைப்பு, அதற்கு முன்னால் சற்றுத் தள்ளி ஒரு புடைப்பு. கண்ணும் மூக்கு நுனியும். வேறொன்றும் தெரியவில்லை. அப்புறம் வலதுபுறம் ஒன்று. எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்த முதலாவது, அப்படியே பின்னோக்கித் தாழ்ந்தது. ஒரு அலை வரவில்லை. ரூத் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் கேட் ஓரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே தேவகி சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் தண்ணீரில் செய்து காட்டிவிட்டுப் போயிருந்தது அது.

மிச்சம் இருந்தது என் 'வி'யும் 'யு'வும். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "எங்கள் நாட்டு முதலைக்கு மூக்கு கூர்மையாகத்தானே இருக்கும்?" என்று படகுக்காரம்மாவிடம் கேட்டேன்.

"எந்த நாடு?"

"இந்தியா. சென்னைப் பக்கம்."

அவர் ஸ்பானரைத் துணியில் துடைத்தார். "அந்த விதி இந்த ஊர் முதலையையும் அலிகேட்டரையும் பிரித்துப் பார்க்கச் சொன்னது. உங்கள் ஊர் ஏரிகளில் இருக்கிறதே, சதுப்பு முதலை, அது முதலைச் சாதியிலேயே மூக்கு அகலமானது. இதன் பக்கத்தில் படுக்க வைத்தால் எனக்கே ஒரு நிமிடம் ஆகும். வாயை மூடியிருக்கும்போது கீழ்ப்பல் வெளியே தெரிந்தால் அது உங்கள் ஊர்க்காரர்" என்று சிரித்தார். "உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், மூக்கு கூர்மை என்று?"

நான்தான் ஊருக்கே சொல்லிக்கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வேன்? விசிறி கிளம்பிவிட்டது. காதுக்கு மூடியை மாட்டிக்கொண்டேன்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் ரூத் சுற்றி வளைக்கவில்லை. "தேவகி தினம் அந்தத் தண்ணியில நிக்கிறா. நீங்க சொன்னதாலதான் நிக்கிறா. இப்பவே குரூப்ல எழுதுங்க, யாராவது போய்ச் சொல்லட்டும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை எழுதினேன். "ஏரியில் காணப்பட்டது குறித்து நான் கூறியது தவறு." அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். குழுவில் என்னிடம் படித்தவர்களே பாதிப் பேர். அம்புக்குறி போட்ட உடும்புப் படம் மேலே அப்படியே இருந்தது. 'தவறு' என்பதை எடுத்துவிட்டு 'மறுபரிசீலனைக்குரியது' என்று போட்டேன். பிறகு மொத்தத்தையும் அழித்தேன். அடுத்த வாரம் ஊருக்குப் போகிறோம், நேரில் போய்ச் சொல்வதுதானே தேவகிக்கு மரியாதை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ரூத் கேட்டபோது, "பார்த்துக்கலாம்" என்றேன். எழுதிவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. ஊரார் தப்பையெல்லாம் திருத்துகிறவன் அதை மட்டும் திருத்தவில்லை.

மிச்ச நாள்களில் எங்கெங்கோ கூட்டிப் போனான் பிரவீன். ஒரு விடியற்காலையில் ஆண் முதலை ஒன்று தலையையும் வாலையும் தூக்கிக்கொண்டு உறுமியதைக் கேட்டேன். சத்தம் வரும் முன்பே அதன் முதுகின்மேல் தண்ணீர் பொரிகடலைபோல் துள்ளியது. பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று பிரவீன் சொன்னான். எனக்கு முழங்கால் தண்ணீரில் நிற்கும் இரண்டு கால்கள்தான் நினைவில் இருந்தன.

ஊர் வந்து சேர்ந்தபோது கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. மறுநாள் காலையிலேயே, மகன் வாங்கித்தந்த வெள்ளை ஷூவை மாட்டிக்கொண்டு ஏரிக்கு நடந்தேன். காட்டாங்குளத்தூர் கல்லூரிப் பேருந்துகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஏரி பாதியாகச் சுருங்கியிருந்தது. ஜனவரியில் பரந்து கிடந்ததெல்லாம் இப்போது நடுப்பள்ளத்தில் ஒடுங்கி, அதன் ஓரத்தில் பச்சைப் பசேலென்று பொன்னாங்கண்ணி. அதற்கு நடுவில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேவகி குனிந்திருந்தாள்.

"இன்னா சார், எப்ப வந்தீங்க? அம்மா நல்லாக்கீறாங்களா?"

"தேவகி, முதல்ல மேல வாம்மா."

"தோ, ரெண்டு கட்டு பறிச்சுட்டு வந்துர்றேன் சார்."

"இப்பவே வா. அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி. நான் தப்பாச் சொல்லிட்டேன். அது உடும்பு இல்லை."

அவள் நிமிர்ந்து சிரித்தாள். "அட போங்க சார். வெளிநாடு போய் நல்லா பயந்துகினு வந்துக்கீறீங்க. உடும்புதான் சார். இப்பல்லாம் நான் தெனம் பாக்குறேனே. அதுபாட்டுக்கு அது கீது, என்பாட்டுக்கு நான் கீறேன்." கையில் இருந்த கீரையாலேயே தண்ணீரைக் காட்டினாள். "தோ பாருங்க, உங்க உடும்பு."

அவளிடமிருந்து பத்து எட்டுத் தூரம் இருக்கும். இரண்டு புடைப்பு. சற்றுத் தள்ளி ஒரு புடைப்பு.

நான் தைரியசாலி இல்லை. எப்படி இறங்கினேன் என்று இப்போதும் தெரியவில்லை. "சார், சார், ஷூ" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. சேற்றில் ஒரு கால் புதைந்து, எடுத்து, அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். திரும்பிப் பார்த்தபோது அந்தப் புடைப்புகள் இல்லை. தண்ணீர் மொழுக்கென்று இருந்தது. கரைக்கு வந்து சேர நாலைந்து எட்டுதான், இந்த ஜென்மத்தில் நான் நடந்த நீளமான தூரம் அதுதான். கரையில் உட்கார்ந்த பிறகும் அவள் கையை நான் விடவில்லை. ஒரு கால் ஷூ சேற்றோடு போய்விட்டது.

தேவகி சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அவளுக்கு விளங்கிவிட்டது.

"அப்ப மொதலதானா சார்?"

"முதலைதான்."

"நான் மொத தபா பாத்தது?"

"அதுவும்தான்."

"மம்பட்டி மாறின்னு சொன்னேன்ல?"

"சொன்ன."

"நாக்கு நீட்டலன்னேன்ல?"

"எல்லாமே சரியாத்தான் சொன்ன தேவகி. நான்தான் கேக்கலை. என்னை மன்னிச்சுடும்மா."

அவள் மன்னிப்பைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. காலில் ஒட்டியிருந்த சேற்றைப் புல்லால் வழித்துக்கொண்டே இருந்தாள்.

"எங்க வூட்டுக்காரரே சிரிச்சாரு சார். அப்பால எனக்கே டவுட்டு வந்துச்சு. கண்ணுக்கு நல்லதுன்னு கீரை விக்கிறவளுக்கே கண்ணு பூடுச்சுன்னு நானே சொல்லிச் சிரிச்சுகினேன்." பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "போன வாரம் எனக்கு ஜொரம் சார். எம் பொண்ணு லீவு போட்டுட்டு வந்துருந்தா. அவளைக் கீரை பறிக்கச் சொன்னேன். மாட்டேம்மா, மொதல கீதுன்னா. சாரே சொல்லிட்டாரு உடும்புன்னு, எறங்குடின்னு நான்தான் திட்டி எறக்குனேன். அரை கூடை பறிச்சுகினுதான் ஏறுனா."

அது நான் எழுதி அழித்த செவ்வாய்க்கிழமையா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.